பாஸ்போர்ட் தொலைந்தால் எங்கிருந்து தொடங்குவது? அடையாள ஆவணங்களை எப்படி வைத்துக்கொள்வது?

#1 சாரல்

எல்லாருக்கும் வணக்கம். வேலை விஷயமாக வெளிநாடு போயிருக்கும் என் தங்கையின் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. ஹோட்டல் அறை, பெட்டி, கைப்பை எல்லாம் தேடிவிட்டாள். திருடு போனதா, எங்கேயாவது விழுந்ததா தெரியவில்லை. போன், பர்ஸ் ரெண்டும் கையில் இருக்கு. திரும்பி வர டிக்கெட் அடுத்த வாரம். விசா அதற்கப்புறம் கொஞ்ச நாளில் முடிகிறது. முதலில் போலீசா, எம்பசியா? தனியாக இருக்கிறாள், ரொம்பப் பயந்து போயிருக்கிறாள். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

#2 நெடுவழி

சாரல், தங்கையைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைத் தொலைப்பது குற்றமில்லை. தன் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட்டும் பயண ஆவணமும் கொடுப்பது தூதரகங்களின் வேலை என்று 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் அங்கே கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தனக்கு உரியதைத்தான் கேட்கப் போகிறாள்.

முதலில் போலீஸ். எம்பசி புகார் நகலைக் கேட்கும், பயணக் காப்பீடு இருந்தால் அவர்களும் கேட்பார்கள். எம்பசிக்கு ஒரு போன் மட்டும் இப்பவே செய்துவிடலாம். என்னென்ன கொண்டுவர வேண்டும், போட்டோ எந்த அளவில் வேண்டும், உள்ளூர் மொழியில் இருக்கும் புகாரை அப்படியே ஏற்பார்களா, மொழிபெயர்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும். விடுமுறை நாளானாலும் பெரும்பாலான தூதரகங்களில் அவசர எண் ஒன்று இருக்கும்.

புகாரில் ஒரு விஷயம் கவனிக்கணும். திருடு போனதா விழுந்ததா என்று தெரியாவிட்டால் அதையே சொல்லட்டும். "திருடு என்று சொன்னால் சீக்கிரம் நடக்கும்" என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள், கேட்க வேண்டாம். போலீசில் ஒன்று, எம்பசி படிவத்தில் ஒன்று, காப்பீட்டில் ஒன்று என்று இருந்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, புகார் எண், முத்திரை எல்லாம் சரியா என்று ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

எம்பசியில் ரெண்டு வழி சொல்வார்கள். ஒன்று, முழுப் புதிய பாஸ்போர்ட். இன்னொன்று, ஊர் திரும்ப மட்டும் ஒரே பயணத்துக்கான அவசரச் சான்றிதழ். அடுத்த வாரம் கிளம்பியே ஆகணும் என்றால் அநேகமாக இரண்டாவதுதான். ஆனால் டிக்கெட்டில் நடுவில் வேறு நாட்டில் இறங்கி ஏறுகிறாளா என்று பாருங்கள். இந்தச் சான்றிதழை எல்லா நாடும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. விமான நிறுவனங்கள் கவுண்டரில் 'டைமாட்டிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றன. அவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே வந்தபோது குத்திய முத்திரையும் விசாவும் தொலைந்த புத்தகத்தோடு போய்விட்டன. சில நாடுகளில் அவசரச் சான்றிதழோடு அந்த நாட்டு இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போய் வெளியேறும் அனுமதியும் வாங்கணும். விசா முடிவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.

#3 வெள்ளிக்குருவி

நெடுவழி சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. உடனே புகார் கொடுக்க ஓட வேண்டாம். தொலைந்தது என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் அந்தப் புத்தகம் அத்தோடு செத்தது. சாயங்காலமே டாக்சிக்காரர் கொண்டுவந்து கொடுத்தாலும் பயன்படுத்த முடியாது. உள்ளே நீண்டகால விசாக்கள் இருந்தால் எல்லாம் போச்சு. இரண்டு மூன்று நாள் நிதானமாகத் தேடட்டும். பாதிப் பேருக்குப் பெட்டியின் உள்துணிக்கு அடியில்தான் கிடைக்கிறது.

#4 நெடுவழி

தேடச் சொல்வது சரி. இரண்டு மூன்று நாள் என்பதுதான் சரியில்லை.

பாஸ்போர்ட் தொலைந்ததாக அதைக் கொடுத்த நாட்டிடம் பதிவானால், அந்த எண்ணை அந்த நாடு இன்டர்போலின் தொலைந்த, திருடப்பட்ட பயண ஆவணங்களின் தரவுத்தளத்துக்கு அனுப்பலாம். 2002-இல் தொடங்கியது அது. ஆவணத்தைக் கொடுத்த நாடு மட்டும்தான் அதில் எண்ணைச் சேர்க்க முடியும். நாம் சொன்னால்தான் நம் நாடு சொல்லும், நம் நாடு சொன்னால்தான் மற்ற எல்லைகளுக்குத் தெரியும்.

2014 மார்ச் 8 அன்று காணாமல் போன எம்எச்370 விமானத்தில் இரண்டு பேர் மற்றவர்களின் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். ஒன்று ஆஸ்திரியாவுடையது, மற்றது இத்தாலியுடையது. இரண்டும் முந்தைய இரண்டு ஆண்டுகளில் தாய்லாந்தில் திருடு போனவை. உண்மையான சொந்தக்காரர்கள் இருவரும் உயிரோடு இருக்க, அவர்கள் பெயர் பயணிகள் பட்டியலில் வந்தது. அவர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள், எண்களும் இன்டர்போல் பட்டியலில் இருந்தன. விமானத்தில் ஏறும்போது அந்தப் பட்டியலோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். நாம் புகார் கொடுத்த தேதி நம் கையில் இருந்தால், அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை வைத்து யார் எது செய்தாலும் "அது நான் இல்லை" என்று காட்ட முடியும். சும்மா இருந்த நாட்களுக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

#5 வெள்ளிக்குருவி

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அன்று ஒருநாள் முழுக்க ஒழுங்காகத் தேடிவிட்டுத்தான் போகணும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசியாகப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்த இடம் எது? ஹோட்டல் வரவேற்பில் நகல் எடுக்க வாங்கி வைத்திருப்பார்கள். பணம் மாற்றும் கடை, சிம் வாங்கிய கடை, வாடகைக்கு வண்டி எடுத்த இடம், விமானத்தின் இருக்கைப் பை, விமான நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவு. இந்த இடங்களுக்கு வரிசையாகப் போன் செய்ய ஒரு மதியம் போதும். அதில் கிடைக்கவில்லை என்றால் போலீஸ்.

#6 நெடுவழி

இதற்கு மேல் நமக்குள் சண்டை இல்லை :)

#7 சாரல்

ரெண்டு பேருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன எல்லா இடத்துக்கும் போன் செய்துவிட்டாள், கிடைக்கவில்லை. இப்போது ஸ்டேஷனில் இருக்கிறாள். பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி கேட்கிறார்கள். நகல் எதுவும் அவளிடம் இல்லை. என்ன செய்வது?

#8 ஆழிமகன்

எண் பல இடத்தில் கிடைக்கும். விசாவுக்கு விண்ணப்பித்தபோது வந்த மின்னஞ்சல், அதில் இணைத்த படிவம். விமான டிக்கெட் முன்பதிவில் பயணி விவரம். தங்கியிருக்கும் ஹோட்டலில் வந்த அன்று நகல் எடுத்திருப்பார்கள், அது இப்போதைக்கு ரொம்ப வேகமான வழி. அலுவலகப் பயணம் என்பதால் ஹெச்ஆரிடம் கட்டாயம் ஒரு நகல் இருக்கும். காப்பீட்டுப் பத்திரத்திலும் சில சமயம் எண் இருக்கும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் எண் இல்லாமல் புகாரை எழுதி வாங்கலாம். எம்பசியில் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடித் தருவார்கள். நேரம்தான் கூட ஆகும்.

#9 சாரல்

ஹோட்டலில் நகல் இருந்தது!! எண் கிடைத்துவிட்டது, புகாரும் பதிவாகிவிட்டது. புகார் நகலின் படம் இதோ, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள்.

[படம் நீக்கப்பட்டது]

#10 மட்டுறுத்துநர்

சாரல், படத்தை நான்தான் எடுத்தேன். அதில் தங்கையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் தெரிந்தது. உதவி கேட்கும் இழைகளில் இந்த விவரங்களைத் தேடி எடுப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. "உங்கள் பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால் பதில் போடாமல் போலீசிடம் காட்டுங்கள். விண்ணப்பத்தைத் தூதரகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, சில முழு மோசடி.

#11 அலைமகன்

இந்த இழையைப் பாக்க எனக்கு ஒரு கேள்வி வருது. நான் அகதிப் பயண ஆவணத்தில பயணம் செய்யிறனான். அது வெளிநாட்டில துலைஞ்சால் ஆரிட்டப் போறது? எல்லாரும் "உங்கட தூதரகம்" எண்டு சொல்லுறியள். எனக்கு அப்பிடி ஒண்டு இல்லையே.

#12 முல்லைநிலம்

தம்பி, நல்ல கேள்வி. இதைத் தெரியாமல் பயத்தில ஓடிப்போய்ப் பிழைவிட்ட ஆக்கள் இருக்கினம், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

உங்கட ஆவணத்தின்ர அட்டையில 1951 ஜூலை 28 ஒப்பந்தம் எண்டு இருக்கும். அந்த ஒப்பந்தத்தின்ர 28-ஆம் பிரிவின்படி உங்களுக்குத் தஞ்சம் தந்த நாடு தான் அந்த ஆவணத்தைத் தந்தது. அதால போகவேண்டியதும் அந்த நாட்டின்ர தூதரகத்துக்குத் தான். நீங்கள் அந்த நாட்டுக் குடிமகன் இல்லாட்டியும் ஆவணம் அவையின்ரது. செல்லுபடியாகிற காலத்துக்குள்ள ஆவணம் வைச்சிருக்கிறவரைத் திரும்ப உள்ளுக்கு எடுப்பம் எண்டு அந்த ஒப்பந்தத்தின்ர இணைப்பில அந்த நாடு உறுதி குடுத்திருக்கு. இதை ஞாபகத்தில வைச்சுக் கதையுங்கோ.

பிறந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போய் "அவசரத்துக்கு ஒரு கடவுச்சீட்டு தாங்கோ" எண்டு மட்டும் கேட்டுடாதேங்கோ. தான் விட்டு ஓடிவந்த நாட்டின்ர பாதுகாப்பை ஒருவர் தானாத் திரும்ப ஏற்றுக்கொண்டால் அகதி நிலை முடிஞ்சுபோகலாம் எண்டு அதே ஒப்பந்தத்தில இருக்கு. நீங்கள் அவசரத்துக்குச் செய்ததை அதிகாரி அப்பிடி எடுத்துக்கொண்டால், வருசக்கணக்காக் கட்டின வாழ்க்கை ஆட்டம் காணும். ஒரு வழியும் தெரியேல்லை எண்டால் ஐநா அகதிகள் அமைப்பின்ர அலுவலகத்தைக் கேளுங்கோ, இல்லாட்டி உங்கட வழக்கறிஞருக்கு ஒரு அழைப்பு எடுங்கோ.

இன்னொண்டு. வதிவிட அட்டையையும் பயண ஆவணத்தையும் ஒரே உறைக்குள்ள வைச்சுக் கொண்டு திரியாதேங்கோ. ஒண்டு துலைஞ்சால் மற்றது தான் நீங்கள் ஆர் எண்டு காட்டும். ரெண்டும் ஒண்டாப் போனால் திரும்பிப் போறதுக்கு அந்தத் தூதரகம் முதல்ல உங்கட நாட்டுக் குடிவரவோட கதைச்சு உறுதிப்படுத்தோணும், அதுக்குக் காலம் எடுக்கும்.

#13 அலைமகன்

அக்கா, இவ்வளவு தெளிவா ஒருத்தரும் சொன்னதில்லை. நன்றி. வதிவிட அட்டையை இண்டைக்கே வேற பையில வைக்கிறன்.

#14 கார்முகில்

வேறு மாதிரி ஒரு பிரச்சினை. என் நண்பன் வெளிநாட்டில் வேலை செய்கிறான். சேர்ந்த அன்றே கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. இப்போது லீவுக்கு வரக் கேட்டால் "தொலைந்துவிட்டது, நீயே போய் புகார் கொடு" என்கிறார்கள். கொடுக்கலாமா?

#15 முல்லைநிலம்

"நான் துலைச்சிட்டன்" எண்டு எழுதிக் குடுக்கச் சொன்னால் கையெழுத்து வைக்கவே கூடாது. துலைச்சது அவர் இல்லை. பொய்யா அறிக்கை குடுக்கிறது கன நாடுகளில குற்றம், பிறகு அதையே அவருக்கு எதிராத் திருப்புவினம்.

#16 ஆழிமகன்

முல்லை அக்கா சொன்னதுதான் முக்கியம். கார்முகில், கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அறிகுறிகளில் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஒன்று. பல நாடுகளில் சட்டப்படியே தடை இருக்கிறது. "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான்" என்று சொல்வதைக் கேட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம்.

கம்பெனியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். "எந்தத் தேதியில் என்னிடமிருந்து வாங்கினீர்கள், இப்போது எங்கே இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ போதும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆதாரம். அதோடு தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். உண்மையில் தொலைந்திருந்தால் "நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது" என்றே புகாரில் எழுதணும். தொலையாமல் அலமாரியில்தான் இருக்கிறது என்றால், தொலைந்ததாகப் பதிவது அவனுக்கே கெடுதல். அந்த எண்ணோடுதான் அவனுடைய வேலை விசா இணைந்திருக்கிறது.

போவதற்கு முன்பே இந்த எல்லா ஆவணத்தின் நகலையும் குடும்பத்திடம் விட்டுப் போகணும். வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

#17 பனித்துளி

நகல் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போனிலேயே வைத்திருக்கிறேன், மின்னஞ்சலிலும் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். இது போதும்தானே?

#18 வெள்ளிக்குருவி

போதும். நானும் அப்படித்தான். எங்கிருந்தாலும் எடுக்கலாம்.

#19 ஆழிமகன்

போதாது என்று சொல்கிறேன், ஏன் என்றும் சொல்கிறேன்.

பை திருடு போகிறது என்று வையுங்கள். பாஸ்போர்ட்டோடு போனும் போகும். புது போனில் மின்னஞ்சலைத் திறந்தால் ஓடிபி கேட்கும். ஓடிபி வரும் சிம், போன போனில். நகல் பத்திரமாக இருக்கிறது, நம்மால் தொட முடியவில்லை. எத்தனையோ பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டடுக்குப் பாதுகாப்பு (கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்பது) வைத்திருப்பவர்கள், ஓடிபி இல்லாமலே நுழைய அந்தக் கணக்கு கொடுக்கும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பாஸ்போர்ட்டும் போனும் இல்லாத வேறு பையில் வைக்கணும். ஒருவருடைய போன் நம்பராவது மனப்பாடமாக இருக்கணும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு காகித நகல் இருந்தால் அவர் எந்த நேரத்திலும் எம்பசிக்கு அனுப்பிவிடலாம். நான் இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக வைப்பேன்.

இரண்டாவது, மின்னஞ்சலில் திறந்தபடி கிடக்கும் படம். என்றைக்காவது அந்தக் கணக்குக்குள் ஒருவன் நுழைந்தால் அவன் தேடும் முதல் வார்த்தையே 'பாஸ்போர்ட்' தான். கடவுச்சொல் போட்ட கோப்பாக வையுங்கள், அல்லது கடவுச்சொல் நிர்வாகச் செயலிகளில் ஆவணம் சேமிக்கும் வசதி இருக்கிறது, அதில் வையுங்கள். போன் கேலரியில் வைத்தால் அது எத்தனை செயலிகளுக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, யாருக்காவது நகல் அனுப்பும்போது அதன் குறுக்கே "இன்ன காரியத்துக்கு, இன்ன நிறுவனத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். எழுத்து முகத்தின் மேலும் எண்ணின் மேலும் லேசாகப் படணும், படிக்கவும் முடியணும். வாடகை வீட்டுக்குக் கொடுத்த நகலை வைத்து வேறொருவன் சிம் வாங்குவது இதனால் கடினமாகும்.

#20 பனித்துளி

மாற்றுக் குறியீடு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. இன்னொரு சந்தேகம்: சிப் உள்ள பாஸ்போர்ட்டைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள் என்று சொல்லி உலோக உறை விற்கிறார்களே, வாங்கணுமா?

#21 ஆழிமகன்

அவசியமில்லை. அந்தச் சிப் சில சென்டிமீட்டர் தூரத்தில் படிக்கும்படி அமைத்தது. திறக்கவும் ஒரு சாவி வேண்டும். படம் உள்ள பக்கத்தின் கீழே இரண்டு வரி இருக்கிறதல்லவா, வரிக்கு 44 எழுத்து? அதில் இருக்கும் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முடியும் தேதி மூன்றையும் வைத்துத்தான் சாவி உருவாகிறது. அதனால் உறையைவிட, அந்தப் பக்கத்தின் படத்தை "விசா கிடைச்சாச்சு" என்று ஊருக்கெல்லாம் போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

காகித ஆவணங்களுக்கு ஒரு வேண்டுகோள்: லேமினேட் செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டில் செய்தால் சேதமானதாகவே கணக்கு. பிறப்புச் சான்றிதழ், பட்டங்களில் செய்தால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை, பின்பக்கம் முத்திரை குத்தவும் முடியாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் புகாத உயரத்தில் வையுங்கள். வெள்ளத்தில் முதலில் நனைவது கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டிதான். போலீஸ் புகார் கடை ரசீது மாதிரி வெப்பத்தாளில் அச்சாகியிருந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள், எழுத்து மங்கிவிடும்.

#22 சாரல்

தங்கைக்கு அவசரச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இமிக்ரேஷனில் வெளியேறும் அனுமதியும் வாங்கியாச்சு. நடுவில் இறங்கும் விமானத்தை மாற்றி நேரடி விமானம் எடுத்தோம், நெடுவழி சொன்னதுபோலக் கேட்டதில் பழைய வழியில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். வந்ததும் முழுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கணும். அதற்கப்புறம் வேறு எதை மாற்றணும்?

#23 நெடுவழி

நல்ல செய்தி, நிம்மதியாக இருக்கிறது.

புதியதில் எண் மாறிவிடும் என்பதை வைத்து யோசியுங்கள். மற்ற நாடுகளின் விசா எதெல்லாம் பழைய புத்தகத்தில் இருந்தது என்று ஒரு பட்டியல் எழுதி, அந்தந்தத் தூதரகத்துக்குத் தெரிவிக்கணும். பெரும்பாலும் மறுபடி விண்ணப்பம்தான். அமெரிக்காவின் எஸ்டா போன்ற மின்னணுப் பயண அனுமதிகள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை, புது எண்ணுக்குப் புதிதாக எடுக்க வேண்டும். முன்பதிவு செய்த டிக்கெட், வங்கி, அலுவலகம், விமான நிறுவனக் கணக்கு எல்லாவற்றிலும் எண்ணை மாற்றணும். போலீஸ் புகாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் விசா படிவங்களில் "எப்போதாவது பாஸ்போர்ட் தொலைத்ததுண்டா" என்று கேட்பார்கள், அப்போது தேதியும் எண்ணும் தேவைப்படும்.

#24 பனித்துளி

கடைசியாக ஒரு கேள்வி. புகார் கொடுத்து, புதுசும் வந்தபிறகு பழையது கிடைத்தால்? அதில் இருக்கும் செல்லுபடியாகும் விசாவைப் புதுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டலாமா? காலாவதியான பாஸ்போர்ட்டில் அப்படிச் செய்கிறார்களே.

#25 நெடுவழி

காலாவதியானது வேறு, தொலைந்ததாகப் பதிவானது வேறு. காலாவதியான புத்தகம் எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் உள்ளே இருக்கும் விசாவைப் பல நாடுகள் ஏற்கின்றன. தொலைந்ததாகச் சொன்ன புத்தகத்தின் எண் எல்லையில் திரையில் சிவப்பாக வரக்கூடும். அதை நீட்டுபவர் சொந்தக்காரரே ஆனாலும் தனியாக உட்கார வைத்து விசாரிப்பார்கள், விமானம் போய்விடும். கிடைத்தால் பயணத்தில் எடுத்துப் போகாமல் பாஸ்போர்ட் அலுவலகத்திலோ தூதரகத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். விசா பற்றி அதைக் கொடுத்த நாட்டின் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை அந்த விசா இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.